கீழ்வீட்டில் அடித்த போன்

அந்துவான் அண்ணன் போய்விட்டார். நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லாஸ்பேட்டையில், அவர் குடியிருந்த மாடியில். முதலில் உள்ளே போய்ப் பார்த்தது நான்தான்...

டைப்பிங்கில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆட்களுக்கு 'நெட்போன் அந்துவான்' என்றால் தெரியும். டவுனில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். நம்மூர் மேட்டுப்பாளையம் கம்பெனியில் வேலை கிடைக்கும்வரை நான் அவரிடம்தான் இருந்தேன்.

பிரான்சில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக எங்களிடம்தான் வரும். ஐ.எஸ்.டி. பூத்தில் மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பேச வேண்டும். எங்களிடம் கம்ப்யூட்டர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆற அமரப் பேசலாம்.

ஆனால் அந்தக் காலத்து நெட் காலில் குரல் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசிக் குழம்பும். அதனால் அண்ணன் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பேசி முடித்ததும் "வொலா" (பிரெஞ்சில் 'அவ்வளவுதான்') என்று சொல்ல வேண்டும். அது காதில் விழுந்த பிறகுதான் அந்தப் பக்கம் வாயைத் திறக்கலாம்.

பிரெஞ்சில் ஒரு வார்த்தை தெரியாதவர்கள்கூட மகனிடம் "சாப்டியாப்பா, வொலா" என்பார்கள். சிரிப்பை அடக்க நான் வெளியே ஓடிவிடுவேன்.

ஒருநாள் சிரிப்பு வரவில்லை. ஒரு அம்மா சாவுச் செய்தி சொல்ல வந்திருந்தார். எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் எதை எதையோ பேசிவிட்டு, கடைசியில் "அப்பா போயிட்டாருடா" என்று சொல்லிவிட்டார். வொலா சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மகனோ அதற்கு முன்னால் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்பு எங்கள் எல்லோருக்கும் கேட்டது...

அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் போய்ச் சேரலடா" என்றார்.

அப்புறம் மொபைலிலேயே நெட் வந்தது. கூட்டம் குறைந்தது. வேறு யாராவது என்றால் இடிந்துபோயிருப்பார்கள். அண்ணன் குஷியாகிவிட்டார்!

சென்டரை மூடினார். 3ஜி வந்த கையோடு புது போன் வாங்கினார். பீச் ரோட்டில் நடந்துகொண்டே தங்கையிடம் பேசுவார். போனைக் கடல் பக்கம் நீட்டி "கேக்குதா, கேக்குதா" என்று கத்துவார். வாக்கிங் வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

தங்கை ழொசெஃபின் அக்கா, கல்யாணமாகிப் பாரிசு பக்கம் போனவர். அண்ணன் ஒண்டிக்கட்டை. அக்காவை விட்டால் அவருக்கு வேறு யாரும் இல்லை.

வீட்டு லேண்ட்லைனை சரண்டர் செய்தார். அதோடு விட்டாரா? டேட்டா கார்டில் இருந்த சிம்மைப் பிடுங்கி போனில் போட்டுக்கொண்டார். அந்த சிம்மில் நெட் மட்டும்தான். சாதா கால் வராது, போகாது.

"ஊர்ல எவனும் உங்கள கூப்புட முடியாதேண்ணே..."

"நிம்மதிடா. எனக்குப் பேச இருக்கறது தங்கச்சி ஒருத்திதான். அவ பேருக்குப் பக்கத்துல பச்ச எரிஞ்சா போதும்."

"அவசரம்னா?"

"வாயக் கழுவுடா" என்று முறைத்தார். அப்போதே எனக்கு என்னவோ போல இருந்தது.

நேற்று சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். போனில் வெளிநாட்டு நம்பர்.

"குமார் தம்பி, ழொசெஃபின் பேசறேன். அண்ணன் நெட்ல கூப்புட்டுச்சி. நெஞ்சு வலிக்குதுன்னுச்சி. இப்ப பேச்சே வரல. நீ ஓடுப்பா... சீக்கிரம் ஓடு..."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த மனிதரால் கூப்பிட முடிந்த ஒரே ஆள் பாரிசில் இருந்தார். அடுத்த தெருவில் இருக்கிற என்னைக் கூப்பிட அந்தப் போனால் முடியாது. இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அக்கா முதலில் கீழ்வீட்டு ஹவுஸ் ஓனரின் லேண்ட்லைனுக்குத்தான் போட்டிருக்கிறார். அவர்கள் பிள்ளைச்சாவடிக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். பூட்டிய வீட்டுக்குள் போன் அடித்து அடித்து நின்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான் என் நம்பரைத் தேடி எடுத்திருக்கிறார்.

மாடியில் கிடந்தவருக்கு அந்த மணி கேட்டிருக்கும். கூப்பிடுவது யார், எதற்கு என்றும் தெரிந்திருக்கும். அதை நினைக்கக்கூடாது என்றுதான் பார்க்கிறேன்... முடியவில்லை.

ஆம்புலன்சுக்குச் சொல்லும்படி மனைவியிடம் கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். மாடிக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது.

அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். போன் மடியில். நெட் கால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கம்ப்யூட்டரில் அதை கட் பண்ணாமலேயே இன்னொரு போனில் எங்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்.

"அண்ணே..." என்றேன்.

உடனே மடியிலிருந்து அக்காவின் குரல்.

"அப்பாடா... வந்துட்டியா தம்பி! மாதா காப்பாத்திட்டா. அண்ணனுக்குத் தண்ணி குடுப்பா. மெல்ல குடு, பொரையேறிடப் போவுது."

கையைத் தொட்டுப் பார்த்தேன். மூக்குக்குக் கிட்டே விரலை வைத்துப் பார்த்தேன்.

"குடிச்சிச்சா தம்பி?"

...

"தம்பி? சத்தத்தையே காணோம். லைன் போயிடுச்சா?"

லைன் போகவில்லை.

அக்கா பிளைட் ஏறிவிட்டார். வந்து சேர்ந்ததும் அடக்கம்.

போய் வாங்கண்ணே.