இருபத்துநான்காவது துண்டு

ஒரு பச்சைச் சட்டையால் ஒரு பெண்ணின் விசா தொங்கிக்கொண்டிருக்கிறது. சட்டை என்னுடையது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

அறுபத்தொன்பதாவது வயதில் நான் போர் விளையாட்டில் சேர்ந்தேன். நாளுக்கு ஆறாயிரம் காலடி நடக்கச் சொன்னார் மருத்துவர். புறநகரான ட்ருகனினாவில் எங்கள் தெருவை ஒரு முறை சுற்றினால் எழுநூற்றுப் பத்துக் காலடி. ஒன்பதாவது சுற்றில் எல்லா வீட்டுக் குப்பைத் தொட்டியும் எனக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், மாதம் ஒரு சனிக்கிழமை வெரிபீக்கு அப்பால் ஒரு பண்ணையில் ஏர்சாஃப்ட் விளையாடுகிறவர். வா என்றார், போனேன். மற்ற இடங்களில் சிறு பிளாஸ்டிக் குண்டு சுடும் துப்பாக்கியோடு ஆடும் ஆட்டம் அது. இந்த மாநிலத்தில் அந்தத் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஆகவே எங்கள் குழு நீல நிறப் பிளாஸ்டிக் கருவியால் ஒருவர்மேல் ஒருவர் வெளிச்சம் பாய்ச்சிக்கொண்டு ஓடுகிறது. பெயரை மட்டும் விடவில்லை.

கருவி பொம்மையாகிவிட்டதாலோ என்னவோ, உடுப்பில் அவர்களுக்குக் கண்டிப்பு அதிகம். வருடத்தில் ஒருநாள் எல்லோரும் இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் காட்டுப்படை வீரர்களாக வர வேண்டும். புதியவர்களுக்கு என்று ஒரு பட்டியல் தந்தார்கள். பதினேழு பொருட்கள். முதலில் சப்பாத்தை வாங்கு, கால் பழக நாளெடுக்கும் என்றார்கள். பிறகு கணுக்கால் உறை, கான்வாஸ் இடுப்புப் பட்டி, தோட்டாப் பைகள் இரண்டு, தண்ணீர்ப் போத்தல், ஒரு பக்கம் மடித்த தொப்பி. ஜிப் வைத்த எதுவும் ஆகாது. பதக்கம் குத்தவே கூடாது. அது உண்மையில் போருக்குப் போனவர்களுக்கு உரியது. நாலு மாதத்தில் பதினைந்து பொருட்கள் சேர்த்துவிட்டேன். சட்டையும் காற்சட்டையும்தான் அகப்படவில்லை. ஐந்தடி மூன்று அங்குல உயரமும் நாற்பது அங்குல வயிறும் உள்ள ஒருவனை அந்தப் படை சேர்த்திருக்காதுபோலும். குழுவில் ஒருவர் பழைய சட்டை ஒன்றைப் பிரித்து எடுத்த காகித வெட்டுகளைத் தந்தார். சட்டைக்கு மட்டும் இருபத்துமூன்று துண்டு. பச்சை ட்ரில் துணி ஆறு மீட்டர் வாங்கினேன்.

தைக்க யாரிடம் கொடுப்பது என்று நான் யோசிக்கவேயில்லை. அதுதான் என் பிழை. வெரிபீயில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் சாறிச் சட்டை தைக்கும் பெண் ஒருவர் இருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வன்னியில் சண்டையின் கடைசிவரை நின்று, பிறகு படகில் வந்தவர். அவருடைய அகதி விண்ணப்பத்தை அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதியவன் நான். ஊரில் பள்ளிக்கூட உடுப்பும் பெண்களுக்குச் சட்டையும் தைத்தேன், வேறெதுவும் தைக்கவில்லை என்பது அதில் பதினோராவது பந்தி. மொழிபெயர்த்தவன் என்று என் கையெழுத்தும் உண்டு. பல வருடத் தற்காலிக விசாவுக்குப் பிறகு, நிரந்தர விசாவுக்கான நேர்காணல் அந்த மாதம் வரவிருந்தது. நானோ சண்டை பெருகுமுன்பே படிப்பைக் காட்டி விமானத்தில் வந்தவன். கட்டட அளவைக் கணக்காளராக முப்பத்தொரு வருடம் கதவும் யன்னலும் எண்ணியவன். எனக்கு அது பச்சைத் துணி, அவ்வளவுதான்.

துணியை மேசையில் வைத்ததும் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இதைப் போட்டுக்கொண்டு எங்க போகப்போறீங்கள் அங்கிள்?”

“விளையாட.”

“விளையாடவோ? இந்த வயசிலயோ? அன்ரி விட்டவவோ?”

“சனிக்கிழமையில நான் வீட்டில நிக்காட்டி அவவுக்கு நிம்மதியாம்.”

சிரித்தார். “நான் பட்டாளத்துக்குத் தைக்கிறேல்லை. உங்களுக்காகப் பார்ப்பம். எப்ப வேணும்?”

“மூண்டு கிழமை பொறுத்து.”

மூன்றாம் நாளே சட்டை முடிந்தது என்று கூப்பிட்டுவிட்டார். காகித வெட்டுகள் நான் கொடுத்த உறைக்குள் மடிப்புக் குலையாமல் கிடந்தன. அளவு நாடாவால் என்னை அவர் அளக்கவும் இல்லை. ஆனால் சட்டை என் வயிற்றில் அப்படியே உட்கார்ந்தது. பட்டியும் பைகளும் கட்ட வேண்டிய தளர்வும் இருந்தது. சந்தோசத்தில் என்னையும், பின்னால் தையல் இயந்திரத்தோடு இருந்த அவரையும் சேர்த்துப் படம் எடுத்தேன். அங்கே நின்றே குழுவின் வாட்ஸப்புக்கு அனுப்பினேன். ஆங்கிலத்தில் நாலு வரியும் எழுதினேன்: இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர், இரண்டே நாளில், அளவு எடுக்காமல், வாழ்நாள் முழுக்கச் சீருடையே தைத்தவரைப் போல.

வீட்டுக்கு வந்து சட்டையைப் புரட்டிப்போட்டு வெட்டுகளோடு ஒப்பிட்டேன். குழுவில் உடுப்புப் பரிசோதனை உண்டு. இருபத்துநாலு துண்டு வந்தது. மறுபடி எண்ணினேன். கழுத்துப்பட்டிக்குக் கீழே, இடப்பக்கம் உள்ளே, சுண்டு விரல் அகலத்தில் ஒரு பை. வாய்ப்பக்கம் இரட்டைத் தையல். அதற்குள் இயக்கத்தில் எது வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். விமானத்தில் வந்தவனுக்கும் தெரியும். நஞ்சுக் குப்பி.

சட்டையைக் கழற்றி வைத்த கதிரையில் நான் உட்காரவில்லை.

மறுநாள் காலை கொண்டுபோனேன். பையைப் புரட்டிக் காட்டினேன். அவர் அந்த இரட்டைத் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

“கை பழகின பழக்கம் அங்கிள். நான் தைச்சதே தெரியேல்லை. தாங்கோ, பிரிச்சு விடுறன்.”

“நீர் எனக்குச் சொல்லேல்லையே.”

“வீட்டுக்கு ஒராள் வரவேணும் எண்டு இயக்கத்தால கேட்டவை. சுடமாட்டன், தைக்கிறன் எண்டனான். இதைச் சொன்னா விசா தருவினமோ? நீங்கள் எழுதியிருப்பீங்களோ?”

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து செய்தி வந்தது. என் படம் குழுவின் பொதுப் பக்கத்தில் ஏறியிருந்தது, என் நாலு வரிகளோடு. அறுபத்தொரு பேர் விரும்பியிருந்தார்கள். நாலு பேர் பகிர்ந்திருந்தார்கள். அவருடைய முகம் தெளிவாகத் தெரிந்தது. தொலைபேசியை அவரிடம் நீட்டினேன். அந்தக் கடைசி வரியைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்கள்,” என்றார். கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நான் கேட்டதும் குழுக்காரர் நாற்பது நிமிடத்தில் படத்தை நீக்கிவிட்டார். பகிர்ந்த நால்வரில் மூவரும் நீக்கினார்கள். நாலாவது கணக்கில் ஆளின் படமும் இல்லை, பெயருக்குப் பதில் எழுத்தும் இலக்கமும்தான். ஐந்து தடவை எழுதினேன். பதில் இல்லை. நேர்காணலுக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

இருவருமாகச் சட்டத்தரணியிடம் போனோம். குடிவரவு அதிகாரிகள் கேட்குமுன் நாங்களே சொல்லிவிட வேண்டும், சொன்னாலும் உத்தரவாதம் இல்லை என்றார் அவர். வெளியே வந்து தரிப்பிடத்தில் காருக்குள் இருந்தோம். பேசாமல் விட்டுவிட்டால் என்ன, அறுபத்தொரு பேருக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நான்தான் சொன்னேன். என் கையெழுத்தையும் நினைத்துத்தான் சொன்னேன் என்பதை இங்கே மறைக்கவில்லை.

“மாத்தி எழுதுங்கோ அங்கிள்,” என்றார். “ஒவ்வொரு நாளும் அந்த நாலாவது ஆளை யோசிச்சுக்கொண்டு என்னால தைக்கேலாது.”

எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பதினோராவது பந்தியைப் புதிதாக எழுதினேன். எங்கே, எப்போது, யார் கேட்டு. அவர் சொன்னார், எழுதினேன். எத்தனை சீருடை என்று கேட்டேன். இது என் வாய்க்கு வந்துவிடும் கேள்வி.

“ஒரு நாளைக்குப் பதினாலு. இருபது மாசம். நீங்கள் கணக்குப் போடுங்கோ.”

போடவில்லை. அவர் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி, மொழிபெயர்த்தவன் என்று கையெழுத்திட்டேன்.

நேர்காணல் ஒரு மணி ஐம்பது நிமிடம். அந்தப் பந்தியைப் பற்றி அதிகாரி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். வாசித்தார், பக்கத்தின் மூலையை மடித்தார், அடுத்த பக்கத்துக்குப் போனார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மடித்ததுதான் உறுத்துகிறது.

அன்றிலிருந்து நூற்று நாற்பத்துமூன்று நாள். அவருடைய கடிதங்கள் என் விலாசத்துக்குத்தான் வரும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கூப்பிடுவார்.

“ஏதும் வந்ததோ அங்கிள்?”

“இல்லைப் பிள்ளை.”

“ஓம். அப்ப வைக்கிறன்.”