சேவல் உட்கார்ந்த மேஜை

பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்தே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. புதுச்சேரியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டி ஓய்ந்து, கணவரின் மாற்றலோடு போர்ட் பிளேர் வந்தபோது, இனி அந்த மொழியின் சகவாசமே வேண்டாம் என்றுதான் இருந்தேன். விட்டால்தானே. அபர்டீன் பஜாரில் ஒரு மாடியில் சுற்றுலா அலுவலகம் நடத்தியவர், பிரான்சிலிருந்து பயணிகளை அனுப்பும் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தம் போட்டுவிட்டு என்னைத் தேடி வந்தார். போனும் மெயிலும் மட்டுமல்ல, ஊழியர்கள் தங்களுக்குள் பேசுவதும் பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்போதுதான் நாக்கு பழகுமாம். வீட்டில் சும்மா இருக்கிறேனே என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

அங்கே வேலை பார்த்தவர்கள் நான்கு பேர். வங்காளி ஒருவர், தெலுங்கர் ஒருவர், மலையாளி ஒருவர், அப்புறம் தூரத்து வடகோடியில் இருக்கும் திக்லிபூரிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண். நால்வருக்கும் பொது மொழி இந்தி. அந்த அலுவலகம் ஓடியதே கத்தலில்தான். ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இருக்கும் மச்சானோ கப்பலில் இருக்கும் சிநேகிதனோ போன் பண்ணுவான். கேட்டவர் போனைக் காதிலிருந்து எடுக்கும் முன்பே, “கல் போட் பந்த்!” என்று கூவுவார். நாளைக்குப் படகு கிடையாது என்று நான்கு மேஜைக்கும் அந்த நொடியே தெரிந்துவிடும். அவரவர் தங்கள் பயணிகளை எச்சரித்துவிடுவார்கள். இந்தத் தீவில் காரியம் நடப்பது இப்படித்தான்.

முதலாளி பஜாரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேவல் வாங்கிவந்தார். பிரான்சுக்குச் சேவல் சின்னம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எவர் வாயிலிருந்து இந்தி வருகிறதோ, அவர் மேஜையில் சேவல் உட்காரும். மாலையில் வீடியோவில் வரும் கம்பெனிக்காரர்கள் அது யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். வளர்ந்த மனிதர்களுக்கு இதென்ன தண்டனை என்று எரிச்சலோடு கேட்டேன். “மஜாக் ஹை மேடம்” என்று சிரித்தார். விளையாட்டாம். கொஞ்ச நாளிலேயே அலுவலகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் மிச்சம்.

திக்லிபூர்ப் பெண்தான் அதிகம் பாடுபட்டாள். சௌல்தாரியில் வாடகைக்கு இருந்தாள். காலை பஸ்ஸில் வரும்போதே உதடு முணுமுணுக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். மகளைப் போர்ட் பிளேரில் பத்தாவது படிக்கவைக்கிறாள். “இந்த வேலை, இந்த நௌக்ரி நிலைக்கணும்க்கா. வாபஸ் திக்லிபூர் போனா, அங்க அண்ணன் வீட்டுல பொண்ணுக்குப் படிப்பு கதம். அடுத்த மாசமே மாப்பிள்ளை பாத்துடுவாங்க” என்பாள். அதனால் நான் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு வாக்கியத்தையும் வெறியோடு பிடித்துக்கொண்டாள். கவலை வேண்டாம் என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் “பா த சூசி” அவள் வாயில் அத்தனை அழகாக வரும். ஒருநாள்கூட அந்தச் சேவல் அவள் மேஜைக்குப் போனதில்லை.

அன்று மதியம் ஹேவ்லாக் தீவிலிருந்து ஒரு வயதான பிரெஞ்சுத் தம்பதி அவளைக் கூப்பிட்டார்கள். மறுநாள் பகலில் போர்ட் பிளேரிலிருந்து அவர்களுக்கு விமானம். காற்று பலமாக இருக்கிறது, இன்றைய கடைசிப் படகிலேயே வந்துவிடட்டுமா, இல்லை திட்டப்படி நாளைக் காலை வரலாமா என்று கேட்டார்கள். அவள் கணினியில் பார்த்தாள். காலைப் படகு இருப்பதாகத்தான் காட்டியது. பா த சூசி, நாளைக்கே வாருங்கள் என்றாள்.

அதே நேரம் பக்கத்து மேஜையில் வங்காளி குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நாளைக்கு எந்தப் படகும் கிடையாது என்று ஜெட்டியிலிருந்து அவருக்குச் செய்தி வந்திருந்தது. பழைய நாளாக இருந்தால் கூவியிருப்பார். ஆனால் சேவல் அவர் எதிரில்தான் இருந்தது, இன்னொரு தரம் மாட்டினால் வேலைக்கே ஆபத்து. ‘ரத்து’ என்பதற்குச் சொல் தேடி, வினைச்சொல்லைச் சரிபார்த்து, முழு வாக்கியமாக எழுதி, உள்ளறையில் இருந்த என்னிடம் பெருமையோடு கொண்டுவந்தார். பிழையே இல்லை. நான் படித்துவிட்டு ஓடினேன். அவள் போனை வைத்துவிட்டிருந்தாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம். அங்கே சிக்னல் போய்விட்டது. கிடைத்தபோது கடைசிப் படகு கிளம்பியிருந்தது.

தம்பதி விமானத்தையும், அதை நம்பியிருந்த பாரிஸ் விமானத்தையும் தவறவிட்டார்கள். தவறான தகவல் தந்தவரை நீக்கச் சொல்லிக் கம்பெனி எழுதியது. வங்காளி முதலாளியிடம் போய், செய்தி தன்னிடம்தான் இருந்தது என்று இந்தியிலேயே கத்தினார். சேவலை யாரும் நகர்த்தவில்லை. இது அவள் தவறில்லை, உங்கள் சட்டத்தின் தவறு என்று நானும் சண்டை போட்டேன். “போனில் பேசியது யார் மேடம்? மேரே ஹாத் மே குச் நஹி” என்று, தன் கையில் ஒன்றுமில்லை எனக் கையை விரித்தார். அவளுடைய அழைப்பின் பதிவைக் கம்பெனி எனக்கு அனுப்பி மொழிக்கு மதிப்பெண் போடச் சொன்னது. முழு மதிப்பெண் போட்டேன். வேறென்ன செய்வது? அதற்குமேல் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அந்த மாதத்தோடு நானும் நின்றுவிடுவது என்று முடிவு செய்தேன். அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை.

தன் கடைசி நாளில் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“ரெக்கார்டிங் கேட்டீங்களாக்கா?”

“கேட்டேம்மா.”

“எங்கயாவது தப்பாப் பேசிட்டேனா?”

“இல்ல. ஒரு தப்புகூட இல்ல.”

அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. படித்த பிள்ளைக்குப் பரீட்சை முடிவு சொன்ன மாதிரி. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

“அப்ப நான் வரேங்க்கா” என்றாள். “ஸ்கூல் ஆபீஸ் மூடுறதுக்குள்ள போயி பொண்ணோட டிசி வாங்கணும்.”