பாம்பன் பாலத்தில் அகல டயர் சைக்கிள்

இராமலட்சுமிக்கு எதைக் கண்டாலும் பயம். மாடு தலையை ஆட்டினால் ஒதுங்கி நிற்பார், பஸ் ஹாரன் அடித்தால் நெஞ்சில் கை வைப்பார். அப்படிப்பட்டவர் முப்பத்தாறு வயதில், வற்றிய கண்மாய்க்குள் வாடகை சைக்கிளை வைத்து ஓட்டப் பழகினார் என்றால், அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவரைத் துரத்தியது என்றுதானே அர்த்தம்?

வேலை போய்விடும் என்ற பயம். முதுகுளத்தூர் பக்கம் அவருடைய ஊர். ஐந்து மைல் தள்ளி இன்னோர் ஊரில் பால்வாடி ஆயா. எட்டரைக்குக் கதவைத் திறக்க வேண்டும். 1992 தொடக்கத்தில் காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், அடுத்தது பத்து மணிக்குத்தான். திங்கட்கிழமையிலிருந்து ஒரு நாள் தாமதமானாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கணவர் இல்லை. இரண்டு பெண்பிள்ளைகள்.

அவருடைய தம்பி முனியசாமி பாம்பனில் சாலைப் பாலம் கட்டும்போது கூலி வேலை பார்த்தவர். வேலை முடிந்து கிளம்பிய ஓர் எஞ்சினியர் அவருக்கு விட்டுப்போன சைக்கிள் பாம்பனில் அவர் வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தது. என்ன சைக்கிள் அது! மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், உள்ளங்கை அகல டயர், சேலையோடு ஏறத் தோதாகத் தாழ்ந்த சட்டம். கையில் பிரேக் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும். ஆனால் பின்சக்கரத்துக்குள் இருந்த அந்த பிரேக் தேய்ந்து தூளாகிவிட்டது, டயர் இரண்டும் வெடித்துக் கிடந்தன. அதற்குப் புதுச் சாமான் வாங்குகிற காசில் ஒரு சைக்கிளே வாங்கலாம் என்று ராமநாதபுரம் கடைகளில் விசாரித்தபோது சிரித்தார்கள்.

சனிக்கிழமை இராமலட்சுமி பாம்பனுக்கே போனார். பழைய இரும்புக்கடை வாவு முகம்மது சைக்கிளை இரண்டு சுற்று சுற்றி வந்து பார்த்தார். பிறகு உடைந்த மூன்று சக்கர மீன் வண்டி ஒன்றிலிருந்து அகல டயர்களையும் பின்சக்கரத்தையும் கழற்றி மாட்டி, வேறொரு பழைய சைக்கிளின் கைப்பிரேக்கைப் பொருத்தினார். விலையும் கைக்கு அடக்கம்தான்.

"பாய், இது நிக்குமா?"

"நீயே பிடிச்சுப் பாரு தங்கச்சி."

கடை வாசலில் இருபது தடவை உருட்டி உருட்டிப் பிடித்தார். பிரேக் கட்டை ரிம்மைக் கவ்வ, இருபது தடவையும் நின்றது.

பாம்பனில் பூட்டு, அரிவாள்மனை, கதவுக் கொண்டி எதுவானாலும் வாரம் ஒருமுறை எண்ணெய் தடவாமல் விடமாட்டார்கள். அன்று சாயங்காலம் முனியசாமியின் மனைவி பூமயில் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"உப்புக் காத்து மதினி, இரும்பத் தின்னுரும். ஒரு இடம் விடாமத் தடவுங்க."

கடல் இல்லாத ஊரிலிருந்து வந்த இராமலட்சுமி ஒரு இடமும் விடவில்லை. சட்டம், கம்பி, ரிம், பிரேக் கட்டை வரை பளபளவென்று தடவினார்.

ஞாயிற்றுக்கிழமை ராமேஸ்வரத்திலிருந்து வந்த பஸ்களின் கூரையெல்லாம் யாத்திரைக்காரர்களின் மூட்டை. சைக்கிளை ஏற்ற இடமில்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்தில் போய் ஏற்றிக்கொள் என்றார் ஒரு கண்டக்டர். முனியசாமி கடலுக்குப் போயிருந்தார். தனியாகப் பாலம் ஏறினார்.

மேடு வரை தள்ளிக்கொண்டே போனார். உச்சியில் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கீழே அவ்வளவு தண்ணீர். சீக்கிரம் கரையைத் தொட்டுவிட்டால் போதும் என்று சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தார். பிடித்தது தெரிந்தது, வேகம் குறையவில்லை. இரண்டு கையாலும் நெரித்தார். பிரேக் கட்டை வழுக்க வழுக்கச் சக்கரம் ஓடியது. எதிரே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஏறி வந்தது. வலது பக்கம் பஸ், இடது பக்கம் நடைபாதைச் சுவர், அதைத் தாண்டினால் கடல். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கத்தியதாகச் சொல்கிறார், காற்றில் அவர் காதுக்கே கேட்கவில்லையாம். இரண்டு காலையும் தரையில் ஊன்றி இழுத்தார். ஒரு செருப்பு பிய்ந்து போனது, குதிகால் தோல் உரிந்தது. டயரை நடைபாதை ஓரத்தில் உரசவிட்டார். பஸ் கடந்தது. மண்டபம் கரை வரப்போகிற இடத்தில் சைக்கிள் நின்றது. அவருக்கு அழுகை கூட வரவில்லை, வாந்திதான் வந்தது.

மண்டபத்தில் பஞ்சர் கடை பாக்கர் ரிம்மில் விரலை வைத்து முகர்ந்து பார்த்தான்.

"என்னக்கா, தலைக்கு வைக்கிறதச் சக்கரத்துக்கு வச்சிருக்கீக?"

அவர் சிரிக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து, இதை எவ்வளவுக்காவது விற்றுக் கொடு என்று கேட்டார். வேலை விஷயத்தையும் சொன்னார். பாக்கர் சோப்புத் தண்ணீரும் மணலும் போட்டு ரிம்மைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"வித்துட்டு நாளைக்கு எதுல போவீக?"

பிரேக் கட்டைக்குச் சொரசொரப்புத் தாள் போட்டு, உருட்டிப் பிடித்துக் காட்டினான். பஸ் கூரையில் ஏற்றியும் விட்டான்.

திங்கட்கிழமை குதிகாலில் துணி சுற்றிக்கொண்டு ஏழு மணிக்கே கிளம்பினார். தட்டையான ரோடுதான், ஒரு இறக்கம் கூடக் கிடையாது. ஆனாலும் பத்தடிக்கு ஒருமுறை பிரேக்கைப் பிடித்து, காலை ஊன்றி நின்று, மறுபடி ஏறினார். சூப்பர்வைசர் வரும்போது எட்டே கால். இராமலட்சுமி பால்வாடி வாசலில் நின்றிருந்தார். கை ஆடிய ஆட்டத்தில் சாவி பூட்டுக்குள் போகவில்லை. பிள்ளையைக் கூட்டி வந்த செவ்வந்தி என்ற பெண்ணிடம் சாவியைக் கொடுத்தார்.

"நீ தொற தாயி. நான் வந்துட்டேன்ல."