நான் போடாத பதினான்கு இதயங்கள்

என் மனைவிக்கு வலது கண்ணில் புரை நீக்கினார்கள். இரண்டு வாரத்துக்குக் கைபேசியைப் பார்க்கவே கூடாது என்று திருப்பத்தூர் மருத்துவர் சொன்னதும், "வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒரு தரம் பாத்துக்கட்டுமா டாக்டர்?" என்று கேட்டாள். கூடாது என்றார். கண்ணைப் பற்றி அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

ஜீப்பில் புதூர்நாட்டுக்கு மலையேறினோம். வழக்கம்போல வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோராவது வளைவில் என் முழங்கையைத் தொட்டாள்.

"எனக்கு ஒரு வேல செஞ்சி குடுக்கறீங்களா?"

அதன்பிறகு அவள் சொன்னதைக் கேட்டதில் மிச்சமிருந்த வளைவுகளை எண்ணாமல் விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டிலிருந்து பலாமரத்தைத் தாண்டி ஒரு பாறை இருக்கிறது. முந்நூற்று நாற்பது அடி தூரம். என் காலால் அளந்தது. அங்கே மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். இரண்டு வருடமாக அவள் தினமும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். மகளோடு பேசுகிறாள் என்று நினைத்திருந்தேன். மகளோடு பேசுவது ஐந்து நிமிடம்தானாம். மற்ற நேரமெல்லாம் அவள் ஒரு பொம்மைக்கு உடை உடுத்திக்கொண்டிருந்திருக்கிறாள். என் மனைவிக்கு வயது அறுபத்து ஆறு. நாற்பத்தொரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். பாறைக்கு எத்தனை அடி என்று தெரிந்த எனக்கு, பாறைமேல் நடப்பது தெரியவில்லை.

விளையாட்டு இதுதான். வாரம் ஒரு தலைப்பு வரும். அதற்கேற்பப் புடவை, சட்டை, தலைமுடி, குடை என்று தேடித் தேடி அவரவர் பொம்மையை அலங்கரித்துப் போட வேண்டும். பிடித்தவர்கள் அதற்கு ஓர் இதயம் போடுவார்கள். சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு அதிக இதயம் வாங்கிய பத்துப் பொம்மைகள் முகப்புக்கு வரும். அந்த வாரத் தலைப்பு மழை நாள். என் மனைவியின் பொம்மை ஆறாவது இடத்தில் இருந்தது. அதுவரை அவள் நாற்பதாவது இடத்தைத் தாண்டி மேலே வந்ததில்லை.

"இருவத்தி நாலு பேரு ஒரு குரூப்பா கீறோம். ஒருத்தருக்கு மத்த இருவத்தி மூணு பேரும் ஹார்ட்டு போடணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் கெடு. யார் போட்டாங்க, யார் போடலன்னு லிஸ்ட்டு எங்கிட்டதான் கீது."

அவள் சுகாதார நிலையத்தில் செவிலியாக இருந்தவள். மலைக் கிராமங்களில் எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி பாக்கி என்று பட்டியல் வைத்திருந்தவள். இந்தப் பட்டியலையும் அவளிடம் கொடுத்ததில் வியப்பில்லை.

"எல்லாருக்குமா போடணும்?"

"எல்லாருக்குந்தான்."

"நல்லா இல்லாத பொம்மைக்கும்?"

"அதெல்லாம் நீங்க இன்னாத்துக்குப் பாக்கறீங்க? தட்டிட்டு வந்துடுங்க."

ஒன்பது தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்திருக்கிறேன். ஒருவர் ஓட்டை இன்னொருவர் எட்டிப் பார்க்க விட்டதில்லை. இங்கே யார் யாருக்குப் போட்டார்கள் என்று பொம்மையின் காலடியிலேயே பெயர் தெரிகிறது. நீ எனக்கு, நான் உனக்கு என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, அதற்கு ஒரு பட்டியல் வேறு. அதை என் வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை பாறையில் உட்கார்ந்து இருபத்து மூன்று பொம்மைகளையும் பார்த்தேன். ஒரு காகிதத்தில் கோடு போட்டு, தலைப்புக்குப் பொருத்தம், நிறம், கவனம் என்று பிரித்து மதிப்பெண் கொடுத்தேன். கொட்டும் மழையில் ஒரு பொம்மை சரிகைப் புடவை கட்டியிருந்தது. இன்னொன்று கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது. ஒன்று வெறும் நீல மழைக்கோட்டும் ரப்பர் செருப்பும் மாட்டிக்கொண்டு நின்றது. நகை இல்லை, பூ இல்லை, குடைகூட இல்லை. அக்கறை இல்லை என்று எழுதினேன். ஒன்பது பொம்மைகள் தேறின. ஒன்பதுக்கும் இதயம் போட்டேன். பதினான்கை விட்டுவிட்டேன்.

"போட்டாச்சா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சு" என்றேன். எத்தனை என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கறுப்புக் கண்ணாடியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு பாறைக்கு வந்தாள். அவள் சிறு அடியாக வைத்ததில் முந்நூற்று நாற்பது அன்று நானூற்றுப் பன்னிரண்டு ஆனது. முடிவைப் பார்க்கச் சொன்னாள். பத்துக்குள் அவள் பொம்மை இல்லை. தேடிக்கொண்டே போனேன். ஐம்பத்து மூன்றாவது இடத்தில் இருந்தது.

"சரியா பாருங்க."

"சரியாதான் பார்த்தேன்."

"குரூப்புல இன்னா போட்டுகிறாங்க? படிங்க."

படித்தேன். "அக்கா, எனக்கு உங்க ஹார்ட்டு வர்ல. மறந்துட்டீங்களா?" அதற்குக் கீழே, "எனக்கும் வர்ல." அடுத்தது, "ஒம்போது பேருக்குத்தான் போட்டுகிறாங்க. நான் எண்ணிட்டேன்." அதற்கடுத்து கண்ணமங்கலத்தில் தையல் கடை வைத்திருப்பவர் எழுதியிருந்தார்: "கண்ணு ஆபரேசன்னு சொன்னாங்க. ஒம்போது பேரு மட்டும் தெரியற கண்ணு எந்த ஆஸ்பத்திரில வெக்கறாங்க?"

அங்கே நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க? படிங்க."

போட்ட இதயத்தை நேரம் முடிவதற்குள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்குத் தெரியாது. "நான் எடுத்துக்கறேன்", "நானும்", "நானும்" என்று வரிசையாக இருந்தது. கடைசியில், அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டதாக ஒரு வரி. அதையும் படித்தேன். இரண்டு வருடப் பழக்கத்தை ஒரே வரியில் முடித்துவிடலாம் என்பது எனக்கு இன்றுவரை நம்ப முடியாததாகத்தான் இருக்கிறது.

நான் செய்ததைச் சொன்னேன். மதிப்பெண் போட்டதையும் சொன்னேன்.

"மார்க்கு போடச் சொல்லி யாரு கேட்டா உங்கள?"

"ஓட்டுன்னா ஒரு முறை இருக்கு..."

"இது ஓட்டு இல்லீங்க. எதிர்ல வந்தா வணக்கம் வெக்கறோமே, அந்த மாதிரி. மூஞ்சி நல்லா கீதான்னு பாத்துட்டா வெக்கறோம்?" பிறகு, "நீல ரெயின்கோட்டுக்காவது போட்டீங்களா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"வாணியம்பாடில ஷூ கம்பெனில தெக்கறாங்க அவங்க. சாப்பாட்டுக்கு அர மணி நேரம் வுடுவாங்க. அதுலதான் இருவத்தி மூணு பேருக்கும் போடுவாங்க. அந்தக் கோட்டு அவங்க மழைல வேலைக்குப் போட்டுகினு போறது."

அன்று மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் அவள் என்னோடு பேசியது பதினொரு சொல். அதில் நான்கு கண் சொட்டுமருந்தைப் பற்றியவை. பாறைப் பக்கம் போகவே இல்லை.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு அவள் கைபேசியை எடுத்துக்கொண்டு நானே போனேன். வாணியம்பாடி எண் அதில் இருந்தது. அழைத்தேன். பின்னால் பாத்திரச் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன.

"அக்காவா?"

"அக்கா வீட்டுக்காரர் பேசறேன்."

"சொல்லுங்கண்ணா." குரல் இறுகிவிட்டது.

சொன்னேன். அவள் பட்டியலை அவள் மீறவில்லை, நான்தான் மீறினேன், அவள் கண்ணில் மருந்து போட்டுக்கொண்டு படுத்திருந்தாள் என்றேன். ஒன்பது, பதினான்கு என்ற கணக்கையும் சொன்னேன்.

"அப்ப எம்பொம்மைய நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"எவ்ளோ நேரம் பாத்தீங்க?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"நல்லால்லயா?"

"அப்ப நல்லா இல்லன்னுதான் எழுதினேன். அது நீங்க வேலைக்குப் போட்டுட்டுப் போற கோட்டுன்னு எனக்குத் தெரியாது."

அவர் சிரித்தார். "எங்க குரூப்புல யாரும் பாக்கறதே இல்லண்ணா. நானும் பாக்கமாட்டேன். ஒரு கைல சோறு, ஒரு கைல போனு. தட்டிக்கினே போய்டுவேன். நீங்க ஒக்காந்து ரெண்டு நிமிஷம் பாத்துட்டு நல்லால்லன்னு சொல்றீங்க." மறுபடி சிரித்தார். "மத்தவங்ககிட்ட நான் சொல்றேன். அக்காவ ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க. பெல் அடிச்சிட்டாங்க."

பாறையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாரம் ஐந்நூற்று ஐம்பத்திரண்டு இதயங்கள், இருபத்து நான்கு பெண்கள். பார்த்துப் போட்டது ஒன்றுகூட இல்லையா? வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன், நீயாவது பார்ப்பாயா என்று.

"சில வாரம்" என்றாள். "அந்தக் கோட்ட பாத்தேன்."

புதன்கிழமை அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பட்டியலைத் தரவில்லை, அது கண்ணமங்கலம் தையல்காரரிடம் போய்விட்டது. அவர் குழுவில் போட்ட புதுப் பட்டியலில் அவள் பெயர் இருபத்து நான்காவதாக இருந்தது. நான் படித்துக் காட்டினேன். இரண்டு பெயர்கள் இரண்டு முறை வந்திருப்பதையும் இரண்டு பெயர்கள் விடுபட்டிருப்பதையும் காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

"சொல்லிடவா?" என்றேன்.

"சொல்லாதீங்க. அவங்களே பாத்துக்கட்டும்" என்றாள். விடுபட்ட இரண்டு பேரின் பெயரையும் என்னிடம் இரண்டு தடவை சொல்லி, இவங்களுக்கும் போட்டுடுங்க என்றாள்.

அந்த வாரமும் நான்தான் பாறைக்குப் போனேன். தலைப்பு திருமணம். இருபத்து மூன்று பேருக்கும் போட்டேன். முழுதாக ஐம்பது நிமிடம் ஆயிற்று.