குடியிருப்புத் தெருவில் ஒரு மாவு மில்

கடைத்தெருவில் மாவு மில் நடத்துகிறவர் தன் காதுக்குப் பஞ்சும் தன் மூக்குக்குத் துணியும் வைத்துக்கொண்டால் போதும்; வீட்டு முன்னறையில் நடத்துகிறவர் தெருவுக்கே சேர்த்து வாங்கி வைக்க வேண்டும். வீட்டில் தையல் மெஷினோ, இட்லி மாவுக்குக் கிரைண்டரோ வைத்து, ‘இது குடியிருப்புப் பகுதி’ என்ற வார்த்தையை ஒரு தடவையாவது கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் எட்டாவது வரை படித்தவள். என் வீட்டுக்காரர் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதியில் கண் பார்வை போனதும் வண்டியை விட்டார். அவரை வீட்டில் தனியே விட்டுவிட்டு நான் எங்கேயும் வேலைக்குப் போக முடியாது. அதனால் 1995-இல் எங்கள் முன்னறையிலேயே ஒரு மில் போட்டோம். நான் மெஷினைப் பார்ப்பேன். விழுகிற மாவை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “இன்னொரு ஓட்டு விடு” என்று அவர் சொல்வார்.

மூன்று குதிரை

எங்கள் தெரு குடியிருப்புப் பகுதி என்று ஆபீசில் பதிவாகியிருந்தது. அப்படிப்பட்ட தெருவில் மூன்று குதிரை சக்திக்கு மேல் மோட்டார் கூடாது, வேலைக்கு வெளியாள் கூடாது, சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளப் பெரம்பலூருக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். முதல் இரண்டு தடவையும் யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு, சுவரில் ஒட்டியிருந்ததை மட்டும் படித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மோட்டார் மாட்ட வந்த மெக்கானிக், “பத்துக் குதிரை போட்டுக்குங்க, பேப்பர்ல மூணுன்னு எழுதிக்கலாம்” என்றார். எனக்கு அந்த வழக்கம் கிடையாது. மூன்று என்றால் மூன்றுதான் போட வைத்தேன். கடைத்தெரு மில்லில் நாலு நிமிஷத்தில் அரைகிற கேழ்வரகு என்னிடம் பதினோரு நிமிஷம் எடுத்தது. முதல் வாரம் வந்து காத்திருந்த கீரைக்கார அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடியும் உட்கார்ந்து, கடைசியில் கேட்டார்: “ஏங்க, மூணு குதிரைன்னீங்களே, அதுல ரெண்டு புல்லு மேயப் போயிருச்சா?”

ஐந்து கையெழுத்து

எங்களைச் சுற்றி ஆறு வீடு. பக்கத்து வீடு அப்போது காலியாகக் கிடந்ததால் ஐந்து கையெழுத்து போதும் என்றார்கள். எனக்கு ஒருவர் வீட்டு வாசலில் நின்று எதையும் கேட்டுப் பழக்கமில்லை. பேப்பரை முந்தானையில் மறைத்துக்கொண்டு போவேன். காபி கொடுப்பார்கள், குடிப்பேன், வந்துவிடுவேன். ஐந்து கையெழுத்து வாங்குவதற்குள் பதினான்கு காபி ஆயிற்று.

எதிர் வீட்டு அம்மாவிடம் ஒருவழியாகப் பேப்பரை நீட்டியபோது அவர் அதை மூன்று தடவை படித்தார். அவர் வீட்டுக் கூடத்தில் சேலைக் கட்டுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கும்பகோணத்திலிருந்து எடுத்து வந்து தெருவுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வீட்டில் ஊறுகாய் போட்டார்கள். மூலை வீட்டில் காலையும் மாலையும் டியூஷன். குடியிருப்புப் பகுதியில் குடியிருக்க மட்டும் செய்தவர் அந்தத் தெருவில் யாருமில்லை என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். அந்த அம்மா கையெழுத்தைப் போட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அக்கா, உங்க மில்லப் பாக்க வர்ற ஆளு எங்க வூட்டுப் பக்கம் திரும்ப மாட்டாருல்ல?”

மிளகாய்க்குப் புதன்கிழமை

மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்ததாகக் கேழ்வரகைப் போட்டால் கூழ் எரியும். சீயக்காய் அரைத்த பிறகு பச்சரிசியைப் போட்டால் கொழுக்கட்டை நுரைக்கும். இதெல்லாம் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். நான் மிளகாய்க்கும் சீயக்காய்க்கும் புதன்கிழமை சாயங்காலம் என்று வைத்திருந்தேன். அரைத்து முடித்ததும் தவிட்டைப் போட்டு இரண்டு தடவை ஓட்டித் துடைத்துவிடுவேன். புதன் சாயங்காலம் தெருவே ஜன்னலைச் சாத்திக்கொள்ளும். யாரும் முணுமுணுத்ததில்லை.

இரண்டாம் வருஷம் காலி வீட்டுக்கு ஒரு பஸ் கண்டக்டரும் அவர் மனைவி செல்வியும் குடிவந்தார்கள். அவருக்கு ராத்திரி வண்டி. ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார், மத்தியானம் வரை தூங்குவார். அவர்கள் வந்த மறுவாரம் திங்கட்கிழமை காலையில் குன்னத்திலிருந்து ஒரு பெண் பை நிறைய மல்லி கொண்டுவந்தாள். கொட்டினேன். மேலே ஒரு சாண் மல்லி, கீழே முழுக்க மிளகாய். நான் சுவிட்சை அணைப்பதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து மட்டும் பதினேழு தும்மல் கேட்டது. “இது புதன்கிழமைச் சரக்கும்மா” என்றேன். அவள் நகரவில்லை: “குன்னத்துலேருந்து பஸ்ஸேறி வந்திருக்கேன், மிளகாயத் திரும்பத் தூக்கிட்டுப் போனா எங்க மாமியா என்னையப் போட்டு அரைச்சிரும்.”

நோட்டுப் புத்தகம்

கண்டக்டர் மனுப் போட்டுவிட்டார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்த மனிதர், தூங்க வேண்டாமா? தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது ஆபீசர் ஒருவர் வந்தார். மோட்டார் தகட்டைப் படித்தார், மூன்று குதிரைதான். வெளியாள் யாரும் இல்லை. “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?” என்றார். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். மெஷின் போட்ட நிமிஷம், நிறுத்திய நிமிஷம், என்ன தானியம், எத்தனை படி, எல்லாம் முதல் நாளிலிருந்து அதில் இருந்தது.

அவர் நின்றபடியே ஏழெட்டுப் பக்கம் புரட்டினார். பிறகு விதியைச் சொன்னார். பக்கத்து வீட்டில் இப்போது ஆள் இருப்பதால் ஆறாவது கையெழுத்தும் வேண்டும்; பதினைந்து நாளில் வராவிட்டால் மெஷினைக் கடைத்தெருவுக்கு மாற்றிவிட வேண்டும். உள்ளே கட்டிலில் இருந்த என் வீட்டுக்காரர், “அப்ப என்னையும் கடைத்தெருவுக்கு மாத்திரு” என்றார். சிரிக்கத்தான் சொன்னார், ஆனால் சிரிப்பு வரவில்லை. நான் கடைத்தெருவில் நின்றால் அவருக்கு நேரத்துக்குக் கஞ்சி கொடுக்கவும் ஊசி போடவும் யார் இருக்கிறார்கள்? ஆபீசருக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும். நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்: “எங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ரிஜிஸ்டர் இருந்தா, நான் எப்பவோ பிரமோஷன் வாங்கியிருப்பேன்மா.”

அதிரச அரிசி

கண்டக்டர் வீட்டுக்கு நான் நாலு தடவை போனேன். செல்வி நாலு காபி கொடுத்தாள். கையெழுத்து என்ற சொல் என் வாயிலிருந்து வரவில்லை. அவர் தூங்கும் நாளிலாவது மெஷினை நிறுத்தி வைப்போம் என்று யோசித்தேன். ஆனால் இடையில் டூட்டி மாறியதால் எந்த நாள் என்று தெரியவில்லை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் வந்து படுத்த நாளில் எட்டு மணிக்குச் செல்வி அவருடைய காக்கிச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடுவாள். சட்டை கொடியில் இருந்தால் மத்தியானம் இரண்டு மணி வரை மில் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வருகிறவர்களுக்கு நாலே நாளில் பிடிபட்டுவிட்டது. தெருமுனையில் நின்று கொடியை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னைக்குக் காக்கி காயுது, சாயங்காலம் வரலாம்” என்று திரும்பிப் போனார்கள்.

பதின்மூன்றாம் நாள் விடியற்காலையிலிருந்து மழை. எட்டு மணிக்குக் கொடி வெறுமையாக இருந்தது. வாசலில் ஒன்பது பேர் அதிரசத்துக்கு ஊறவைத்த அரிசியோடு நின்றார்கள். ஈர அரிசியை உடனே அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும், பண்டம் போச்சு. மெஷினைப் போட்டேன். மூன்றாவது ஆளுக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் லுங்கியோடு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் வந்து நின்றார். கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் மெஷினை அணைத்தேன்.

“ஏங்க்கா, பத்துப் பன்னெண்டு நாளா நிம்மதியாத் தூங்குனேன். மனு போட்டதுல பயந்துட்டீங்கன்னு நெனச்சேன். இன்னைக்கு என்ன வந்துச்சு?” என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, “கொடியில சட்டை இல்லீங்க” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. கீரைக்கார அம்மாதான் விளக்கினார்: “உங்க சட்டையப் பாத்துத்தான் தம்பி இந்தத் தெருவே மாவு அரைக்குது. இன்னைக்கு மழைன்னு உங்க வூட்டம்மா உள்ள காயப் போட்டிருப்பாங்க, நாங்க என்னத்தக் கண்டோம்?”

கண்டக்டர் அவரைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா” என்றார். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர், “அவளா? எங்கிட்டச் சொல்லவே அவளுக்கு ரெண்டு நாளாகும், தம்பி” என்றார். ஒன்பது பேரும் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்துவிட்டார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்: “இனிமே மழைன்னா சட்டைய ஜன்னல்ல மாட்டச் சொல்றேன்; அந்தப் பேப்பரக் குடுங்க, எங்க போடணும்?”

2007 வரை பன்னிரண்டு வருஷம் அந்த மில்லை நடத்தியதில் நான் கண்டது, குடியிருப்புத் தெருவில் தொழில் செய்ய ஆபீசின் அனுமதியை வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கினால் போதும், பக்கத்து வீட்டின் அனுமதியைத்தான் தினமும் காலை எட்டு மணிக்குப் புதுப்பிக்க வேண்டியிருக்கும்.