சிம்பலைக் காணவில்லை

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் மின்சார வாரியத்தில் மீட்டர் சோதிக்கிறவர். எந்த வீட்டில் மீட்டரைத் திருகி வைத்திருக்கிறார்கள், எங்கே ஈய முத்திரையைப் பிய்த்து மறுபடி ஒட்டியிருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதுதான் வேலை. ஆபீஸில் அவருக்கு 'சீல்' என்று பட்டப்பெயர். வேலையை ஆபீஸோடு விட்டுவிட்டு வருகிற ஆளாக இருந்தால் பரவாயில்லை. கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கினால்கூட மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என் அக்காவிடம் அவர் முதன்முதலில் பேசிய பேச்சே, உங்கள் வீட்டு மீட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறதே என்பதுதான். அதற்கப்புறமும் அவரைக் கட்டிக்கொண்டாளே, அவளைச் சொல்லணும்.

உலகத்தில் அத்தான் சந்தேகப்படாத ஒன்று உண்டென்றால் அது ஒரு பழைய ராக் குழு. நாலு பேர், நீள முடி, காதைக் கிழிக்கிற சத்தம். குழு கலைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மற்றவர்களுக்கு முடி போய்ச் சேர்ந்துவிட்டது. அத்தானுக்கு மட்டும் இன்னும் அவர்கள்தான் எல்லாம். முன்னறையில் ரெக்கார்ட் பிளேயர், இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர், வாலிபத்தில் வாங்கிய இசைத்தட்டுகள். அதில் நாம் ஒரு தூசி தட்டிவிட முடியாது. அக்கா அந்தப் பாட்டு ஆரம்பித்தாலே சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். எந்தப் பாட்டு எது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

இந்தக் குழுவின் சிறந்த பாடல்கள் என்று முன்பே ஒரு தொகுப்பு வந்து சக்கைப்போடு போட்டிருந்தது. பாட்டே புதிதாக இல்லாதபோது இன்னும் என்ன தொகுப்பு என்று கேட்கக்கூடாது. இரண்டாவதாகவும் ஒன்று கொண்டுவந்தார்கள். பழைய பாட்டுகளே, ஒலியை மெருகேற்றியிருக்கிறார்களாம், கெட்டி அட்டைப் பெட்டி, யானை விலை. அத்தான் வாங்கி வந்து அன்று மாலையே போட்டார். இரண்டாவது பாட்டில் பாடகர் வாயைத் திறக்குமுன் டிரம்ஸ்காரர் சிம்பலை மட்டும் தனியாகத் தட்டுவாராம், அந்தப் பித்தளைத் தட்டு சிலிர்ப்பதைக் கேட்கத்தான் இவர் பிறவியே எடுத்தாராம். அது வரவில்லை. பாட்டை மறுபடி போட்டார். பெட்டியை உலுக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, சிம்பலை எடுத்துவிட்டார்கள், திருட்டுப் பசங்க என்றார்.

விஷயம் என்னவென்றால், அத்தானுக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. அது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வாசல் மணி கேட்காது, மணி செய்தவன் ஏமாற்றிவிட்டான் என்பார். நாங்கள் சாதாரணமாகப் பேசுவது அவருக்கு முணுமுணுப்பாக விழும், உடனே முகம் மாறும். பக்கத்து வீட்டுத் தையல்காரர் தன்னைப் பற்றித்தான் ஏதோ கிசுகிசுக்கிறார் என்று அவரோடு பேச்சை நிறுத்தினார். ஆபீஸில் கூட இருந்தவரோடும் நிறுத்தினார். நான் மாடியில் குடியிருக்கிறேன், மருந்துக்கடையில் வேலை. காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்று அக்காவிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். அவள் என் வாயைப் பொத்தினாள். ஒவ்வொருத்தராக விட்டுக்கொண்டே வருகிறார், நான் வாயைத் திறந்தால் நாளைக்கு என்னோடும் பேச்சு நின்றுவிடும், அப்புறம் இந்த வீட்டில் யார் யாரோடு பேசுவது என்று கேட்டாள். அவளுக்கு அந்த ஒரு பயம்தான். நியாயமான பயம்தான், என்ன செய்ய.

தொகுப்பை விற்ற இணையக் கடையில் கேட்டவர்கள் கருத்து எழுத ஓர் இடம் இருந்தது. அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புகார் மனுக்களைப் படிப்பதுபோல எல்லாவற்றையும் படித்தார். ஐந்து நட்சத்திரம் கொடுத்த ஒருவர், சிம்பல் பக்கத்தில் நின்று தட்டுவதுபோல இருக்கிறது என்று எழுதியிருந்தார். இன்னும் நாலைந்து பேரும் அதையேதான் எழுதியிருந்தார்கள். இன்னொருவர் ஒலி பளிச்சென்று இருக்கிறது, ஆனால் நீளப் பாட்டை வெட்டிவிட்டார்கள், நம் தலையில் மிளகாய் அரைக்கிறார்கள் என்று மூன்று கொடுத்திருந்தார். பெட்டி நசுங்கி வந்தது என்று ஒரு நட்சத்திரம் கொடுத்த புண்ணியவானும் இருந்தார். பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. அத்தானுக்கு ஒரே முடிவுதான். சிம்பல் நன்றாக இருக்கிறது என்று எழுதிய அத்தனை பேரும் தொகுப்பை வெளியிட்ட கம்பெனி வைத்த ஆட்கள். எல்லோரும் ஒரே மாதிரியாக எழுதியிருப்பதே அதற்கு அத்தாட்சியாம். ஒரு நட்சத்திரம் கொடுத்து, சிம்பலைக் காணவில்லை, பணத்தைத் திருப்பித் தரவும் என்று எழுதினார்.

அதற்குக் கீழே முன்பின் தெரியாத யாரோ, 'ஐயா, கோபப்படாதீர்கள். ஒரு தடவை காதைக் காட்டிப் பாருங்கள்' என்று எழுதிவிட்டார்கள்.

அத்தான் அதைப் படித்துவிட்டு நேராக மாடிக்கு வந்தார். பொய்ப் பெயரில் எழுதியது நான்தான் என்றார். மருந்துக்கடைக்காரிக்குத்தான் இப்படிப் புத்தி போகுமாம். சத்தியமாக நான் இல்லை. எழுதியிருந்தால் கோபப்படாதீர்கள் என்றெல்லாம் மரியாதையாக எழுதியிருக்கவே மாட்டேன், அதையும் சொன்னேன். எனக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் என்னோடும் பேசவில்லை. அடுத்தது அக்காதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. நான் கீழே போவதையே குறைத்துக்கொண்டேன். நான் போனால் என்ன பேசினோம் என்று பிறகு அவளைக் குடைவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா போன் செய்து, இவர் ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார், பார்க்கவே பயமாக இருக்கிறது, வா என்றாள். போனேன். அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏன் வந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரு மீட்டர் மேல் சந்தேகம் வந்தால், பொய் சொல்லாது என்று தெரிந்த இன்னொரு மீட்டரை அதோடு சேர்த்து மாட்டி இரண்டையும் ஓடவிடுவது அவர் வேலையில் வழக்கம். வித்தியாசம் வந்தால் வீட்டு மீட்டர் திருட்டு. வரவில்லை என்றால் மீட்டரைக் குறை சொல்லக்கூடாது, கோளாறு வேறெங்கோ. கம்பெனியின் மானத்தை வாங்குகிறேன் என்று அத்தான் புதுத் தொகுப்பில் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, வாலிபத்தில் வாங்கிய இசைத்தட்டில் அதையே போட்டிருக்கிறார். தேய்ந்துவிடும் என்று அதை அவர் வெளியே எடுத்தே வெகுநாளாகியிருந்தது, ஆனால் அதில் சிம்பல் இருந்தது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அதிலும் வரவில்லை.

ஸ்பீக்கர் போச்சு என்று அதைக் கழற்றினார். அதில் கோளாறு எதுவும் இல்லை. திரும்ப மாட்டினார். பிறகு என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைக் கேட்க மாட்டார், நான் எதிரி. அக்காவைக் கூப்பிட்டு நாற்காலியைச் சுவரைப் பார்த்துப் போட்டார்.

"நீ என் மூஞ்சியப் பாக்கக்கூடாது. பித்தளைத் தட்டு தட்டற சத்தம் கேக்கறப்பல்லாம் ஒரு விரலத் தூக்கு. கேக்கலன்னா தூக்காத. எனக்காகன்னு தூக்காத."

பழைய இசைத்தட்டைப் போட்டார். எனக்கு அந்தச் சிம்பல் அறை முழுக்கக் கேட்டது. அக்காவின் விரல் எழுந்தது, இறங்கியது, மறுபடி எழுந்தது. ஒரு இடத்தில் இரண்டு தடவை சடசடவென்று எழுந்தது. அத்தான் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு அவள் விரலையே பார்த்தார். எங்கே அடி விழ வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம், அவளுக்கோ அந்தப் பாட்டின் தலையும் தெரியாது காலும் தெரியாது. அவர் எண்ணிய இடத்திலெல்லாம் அவள் விரல் இருந்தது. புதுத் தொகுப்பையும் போட்டார். அதிலும் அப்படியே. பாட்டு முடியுமுன்னே அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பாவமாக இருந்தது.

"எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

அக்கா சுவரைப் பார்த்தபடியே, "போன வருஷத்துலேர்ந்து" என்றாள்.

போச்சு, முடிந்தது என்று நினைத்தேன். என்னோடு பேச்சை நிறுத்த அவருக்கு ஒரு பொய்க் காரணம் போதுமாக இருந்தது. இது நிஜக் காரணம். கட்டின பெண்டாட்டியே ஒரு வருஷம் மறைத்திருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

அக்கா திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. அவருக்குக் கேட்க வேண்டுமே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அத்தான் அவள் விரலை ஒரு தடவை பார்த்தார்.

"மாட்டேன்" என்றார்.

எழுந்து போய் பிளேயரை நிறுத்தினார். இசைத்தட்டைத் துடைத்து உறையில் போட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அடுத்ததைச் சொன்னார்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம். நீயும் உள்ள வா. அவர் சொல்றது எனக்குச் சரியா விழாது. நீ சொல்லு, நம்பறேன்."