பாதிப் பணம் வாங்காத கடை

எங்கள் கடையில், வார்னிஷ் வாசனைக்குள் அப்பா இருந்தார், ஸ்டூலில். அம்மா இருந்தாள், சாப்பாட்டுத் தூக்கோடு. மோட்டாருக்குக் காயில் என்கிற கம்பிச் சுருள் கட்டும் சாகுல் அண்ணன் இருந்தார், கட்டிக்கொண்டிருந்த கம்பியை விடாமல் பிடித்தபடி. புதுக்கோட்டையிலிருந்து எங்களுக்குச் செம்புக் கம்பி கொடுக்கும் முதலாளி இருந்தார். அவருடைய டிரைவர் வாசல்படியில் இருந்தார். நான் இருந்தேன், பள்ளிக்கூடப் பையோடு. எனக்கு அப்போது பத்து வயது. தரையில் ஊர்க்காரர்களின் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன.

முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ரெண்டு வாரம் டயம், கம்பிப் பாக்கியில் பாதியாவது வர வேண்டும், இல்லாவிட்டால் வண்டியோடு வந்து கடையில் கிடக்கிற மோட்டாரை ஏற்றிக்கொண்டு போவேன் என்றார்.

"அது ஊரான் மோட்டாருங்க" என்றார் அப்பா.

"எனக்குக் கம்பி போன கணக்குத்தான் தெரியும். ஊரத் தெரியாது" என்றார் அவர்.

கறம்பக்குடியில் எங்கள் கடை. கோடை வந்தால் வோல்டேஜ் குறையும், கிணற்று மோட்டார்கள் புகைந்துபோகும், சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்குவார்கள். அப்பா கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி கட்டி வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். பயிர் வாடி நிற்கிறவனிடம் காசு இருக்கிறதா என்று கேட்க அவருக்கு வாய் வராது. "அறுத்துட்டுத் தாங்க" என்று அனுப்பிவிடுவார். ஆனால் கம்பிக்கு அவர் காசு கொடுத்தாக வேண்டும். அறுவடைக்கும் கம்பிக்காரர் தவணைக்கும் நடுவில் எங்கள் வீடு மாட்டிக்கொண்டது.

மோட்டார் போனால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும். எத்தனையோ பேர் வயல் காயும். அப்பாவால் அப்புறம் ஊரில் நிற்க முடியாது. அடுத்த தெருவில் ஒருவர் இப்படித்தான் கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போனார், பெண்டாட்டி பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லவில்லை. அதனால் காலையில் எழுந்ததும் வாசலில் அப்பாவின் செருப்பு கிடக்கிறதா என்று பார்ப்பேன். கிடந்தால்தான் பல் விளக்கப் போவேன். பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ரோட்டில் எந்த லாரி போனாலும் எங்கள் கடைப் பக்கம் திரும்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்பேன். யாரிடமும் சொன்னதில்லை.

அம்மா பஸ் ஸ்டாண்டில் ராக்காயி அக்காவைப் பார்த்தது அந்த வாரத்தில்தான். அந்த அக்கா வயலில் முல்லைப்பூ போட்டிருந்தவர். தினம் விடியக்காலம் பறித்துப் பூக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு எங்கள் கடை வழியாகத்தான் முன்பெல்லாம் போவார். மோட்டாருக்குக் கடனில் காயில் கட்டி வாங்கிப் போனதிலிருந்து ஆளைக் காணோம். அன்று எங்களைப் பார்த்ததும் நின்றிருந்த பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனாள்.

"ஏன்க்கா அங்கிட்டுப் போயி ஒளியிறீங்க? நான் என்ன போலீசா?"

"ஒளியாம என்ன செய்ய? நூறு ரூவா கொண்டாந்தேன், ஒம் புருசன் வாங்கல தாயி. இருக்கட்டும், முழுசாக் கொண்டாங்கன்னுட்டாரு. முழுசுக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

அம்மா அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் பக்கம் மொய் விருந்து வைக்கிற பக்கம். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள், வாங்கியவர் அதைக் கொடுத்தவர் வீட்டு விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும். பாதியாகச் செய்தால் கேவலம், பாதியை வாங்கி எழுதுகிறவருக்கும் கேவலம். அந்தப் பழக்கம் கடைக்கும் வந்துவிட்டது. கொண்டுவருகிறவருக்குக் கூச்சம், வாங்குகிற அப்பாவுக்கு அதைவிடக் கூச்சம். மரியாதை என்று நினைத்துக்கொண்டு வந்த காசையெல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஊரில் ஒருவர்கூட ஏமாற்றுக்காரர் இல்லை. கடை மட்டும் மூழ்கிக்கொண்டிருந்தது.

அன்று சாப்பிடும்போது அம்மா இதைச் சொல்லி, கிடைத்த வரைக்கும் நாமே கேட்டு வாங்கலாம் என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "கடைய வச்சுக்கிட்டுக் கையேந்தச் சொல்றியா?" என்றார்.

"நம்ம காசத்தானே கேக்குறோம். அவுக கையில என்னைக்குக் காசு பொழங்குதுன்னு நாம ஒரு நாளாச்சும் கேட்டமா?"

அப்பா சோற்றையே பார்த்துச் சாப்பிட்டு முடித்தார். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே அம்மாவுக்குப் போதும்.

மறுநாளிலிருந்து அம்மா ஒவ்வொரு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், உங்களுக்குக் காசு வருகிற நாள் எது என்று. பூக்காரர்களுக்குத் தினம் வரும், அவர்கள் தினம் பத்தோ இருபதோ கொடுத்தால் போதும். பால் ஊற்றுகிறவர்கள் பால் பணம் வாங்குகிற அன்று கொடுக்கலாம். மகன் துபாயில் இருக்கிற வீடு பேங்க் டிராஃப்ட் வந்ததும் கொடுக்கலாம். முந்திரி வைத்திருக்கிறவர் கொட்டையாகவே கொடுக்கலாம். நெல்லை மட்டும் நம்பியிருக்கிறவர்கள் முன்பு போலவே அறுத்துவிட்டுக் கொடுக்கட்டும். ஆளுக்கு ஒரு நாள், ஆளுக்கு ஒரு விதம். கொடுத்தவரைக்கும் வரவு. எவ்வளவு குறைவாக இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று அப்பாவிடமும் சாகுல் அண்ணனிடமும் சொல்லி வைத்தாள்.

வடகாட்டுப் பக்கத்து ஆள் ஒருவர் காசு இல்லை என்று பலாப்பழம் கொண்டுவந்து இறக்கினார். அம்மா அதை அறுத்துச் சுளையாக பஸ் ஸ்டாண்டில் விற்றுக் காசாக்கினாள். சாகுல் அண்ணன், "இனிமே கம்பி வேணாங்கக்கா, மோட்டாருக்குள்ள சுளையவே வச்சுக் கட்டிரலாம்" என்றார். அந்த இரண்டு வாரத்தில் அப்பா சிரித்தது அப்போதுதான். சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்.

காசு வந்தது. ஆனால் பொடிப்பொடியாக வந்தது. அம்மா தினம் ராத்திரி எண்ணுவாள், எண்ணி முடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். போதவில்லை என்று எனக்குப் புரிந்துவிடும்.

சொன்ன நாளில் மினி லாரி வந்தது. பின்பக்கம் காலி. கதவை இறக்கிவிட்ட சத்தம் கேட்டது. டிரைவர் உள்ளே வந்து எந்த மோட்டாரை முதலில் தூக்கலாம் என்று பார்த்தார். நான் வார்னிஷ் டின்னுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அம்மா மஞ்சப்பையைக் கவிழ்த்தாள். பத்து ரூபாய், இருபது ரூபாய், சில்லறை. பூ வாசனை அடித்த நோட்டும் அதில் இருந்தது. கேட்ட பாதியில் பாதிகூட இல்லை.

முதலாளி பார்த்தார். "இதென்ன கோயில் உண்டியலா?" என்றார்.

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கையை என்ன செய்வதென்று தெரியவில்லை, மறுபடியும் துடைத்தார்.

"கொறச்சலாத்தாங்க இருக்கு. வாங்கிக்கங்க. வாரா வாரம் இப்படித்தான் வரும், ஆனா வரும். மோட்டாரத் தூக்குனீங்கன்னா இதுவும் வராது."

குறைச்சலாக இருக்கிறது வாங்கிக்கொள்ளுங்கள் என்று அப்பா யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்டதில்லை. சாகுல் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

முதலாளியும் எங்கள் பக்கத்து ஆள்தான். குறைத்து வாங்கிப் பழக்கம் இல்லாதவர். வெகுநேரம் அந்தக் காசையே பார்த்தார். கையெழுத்து வேண்டுமா, ஜாமீன் வேண்டுமா என்று அம்மா கேட்டாள். டிரைவர் ஒரு மோட்டாரைப் பாதி தூக்கிவிட்டார்.

"கீழ வையிப்பா" என்றார் முதலாளி. பிறகு அம்மாவைப் பார்த்து, "பையோடயே குடுங்க" என்றார்.

கடன் முழுதும் அடைய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு வாரம்கூட விடவில்லை. எட்டாவதோடு நானும் கடைக்கு வந்துவிட்டேன்.

இப்போது அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டோடு சரி. கடையை நான் பார்க்கிறேன். ஆளுக்கு ஒரு நாள், ஆளுக்கு ஒரு விதம் என்பது இன்னும் மாறவில்லை. ஆனால் யாரும் வருவதில்லை. போனில் அனுப்பிவிடுகிறார்கள், கல்லா மேல் இருக்கிற சின்னப் பெட்டி தொகையை மட்டும் சொல்கிறது. யாருக்கும் கூச்சம் இல்லை, நல்லதுதான். முன்பு சொன்ன நாளில் ஒருவர் வராவிட்டால் அம்மா அந்த வீட்டுக்குப் போவாள். காசு கேட்க மாட்டாள், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு வீட்டில் மாடு செத்திருந்தது. ஒரு வீட்டில் ஆள் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். முகம் வந்துபோன காலத்தில் வராத முகம் தெரிந்தது. பெட்டி வந்ததைத்தான் சொல்லும், வராததைச் சொல்லாது. மழை இல்லை, பூ விலை இறங்கிக் கிடக்கிறது. எனக்கு மறுபடியும் அந்தச் செருப்பு தேடிய பயம் வருகிறது, இது என் கடைக்காக இல்லை, அந்த வீடுகளுக்காக.

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், இந்த வாரம் பணம் விழாதவர்கள் நான்கு பேர்.